சொற்செயலியிற் பாணிகள்: மூலமும் உரையும் பிரித்தெழுதும் முறை

இந்நாளிற் கட்டுரை எழுதப் புகுவார் பெரும்பாலார் தாளும் மைக்கோலும் நாடுவதில்லை. கணினியின்முன் அமர்ந்து சொற்செயலியிலே எழுதுகின்றனர். எழுத்தைத் தடிப்பாக்கவும், சாய்க்கவும், பெருக்கவும், சுருக்கவும் அதன்கண் பொத்தான்கள் பல உள. ஒரு நொடியிற் செய்துவிடக்கூடிய செயலாதலின், அதனைச் செய்யும் நெறி இரண்டு உண்டென்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒன்று, சொல்லைத் தெரிந்தெடுத்து அதன் தோற்றத்தை அவ்விடத்திலேயே கையால் மாற்றுதல். மற்றொன்று, அச்சொல் அல்லது அப்பத்தி இன்ன தன்மைத்து என்று பெயரிட்டுவிட்டு, அப்பெயருடையன எல்லாம் இன்னவாறு தோன்றுக என ஓரிடத்தில் விதித்தல். பின்னதனையே ஸ்டைல் என்பர். பாணி எனத் தமிழிற் கூறலாம். யாமும் சென்ற ஆண்டுவரை முன்னதனையே அறிந்திருந்தோம். பின்னதன் அருமையைக் கல்வராயன் மலையில் ஒரு முதியவர் எமக்கு உணர்த்தினார். அவர் தம் வாழ்நாளிற் கணினியைத் தொட்டவரல்லர்.

கள்ளக்குறிச்சி 2019ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் விழுப்புரத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அதன் மேல்பால் நிற்பது கல்வராயன் மலை; கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் ஒன்று. கச்சிராயபாளையத்தையடுத்துக் கோமுகி அணையைக் கடந்து மலைமேற் சென்றால் வெள்ளிமலையை அடையலாம். மலையில் வாழ்வார் மலையாளி என்னும் பெயர் பூண்ட பழங்குடியினர். மலையை ஆள்வார் என்பதே அப்பெயர்க்குப் பொருளென்ப. கேரள நாட்டார்க்கும் இவர்க்கும் அப்பெயரளவிலன்றித் தொடர்பில்லை. இவர் தாய்மொழி தமிழே. தம் முன்னோர் காஞ்சியினின்றும் போந்தவர் என்னும் வரலாறு இவரிடையே வழிவழியாக வழங்கிவருகின்றது. எட்கார் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றிய பெருநூலிலும் இவ்வரலாறு குறிக்கப்பட்டுளது.

தமிழ்த்துறை மாணவர் எழுவர் யாம், வாய்மொழி வழக்குக்களைத் தொகுக்கும் பாடத்தின் பொருட்டு இம்மலைக்குச் சென்றோம். சாமை விதைப்பிலும் திருநாளிலும் பாடும் பாடல்களையும், மலைக்கு மக்கள் வந்த கதையையும், ஊர்ப்பெயர்க் கதைகளையும் கைப்பேசியிற் பதிந்துகொண்டோம். மீண்டுவந்து, ஒவ்வொருவரும் ஒரு பகுதியாகத் தட்டெழுதினோம். பாடல் தடித்த எழுத்தில், மலையோர் கூற்று சாய்ந்த எழுத்தில், எம் குறிப்புச் சிறிய எழுத்தில் என்பது எமக்குள் யாம் செய்துகொண்ட உடன்படிக்கை. அழகிய உடன்படிக்கைதான். ஆயின் அஃது எம் நினைவில் இருந்ததேயன்றிக் கோப்பில் இருந்ததில்லை.

அச்சுக்கு ஒழுங்கு செய்வார் ஒருவரிடம் அதனைக் கொடுத்தோம். சாய்ந்த தமிழெழுத்து அவர் கண்ணுக்கு ஒவ்வவில்லை; அவர் கருத்துத் தவறென்றும் சொல்லற்கியலாது. முழுவதையும் ஒருங்கே தெரிந்தெடுத்துச் சாய்வை நீக்கினார்; தடிப்பையும் நீக்கினார்; எழுத்தளவையும் எங்கும் 12 ஆக்கினார். பக்கங்கள் ஒரு சீராக, பார்வைக்கு இனியவாக வந்தன. முதற்படியை எடுத்துக்கொண்டு யாம் மலைக்குச் சென்று, கதை கூறிய முதியவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தோம். பள்ளியிற் பயிலும் அவர் பேர்த்தி அதனை உரக்கப் படித்தாள். காஞ்சியினின்றும் வந்த கதை நன்றாகவே சென்றது. முதியவர் தலையசைத்துக்கொண்டிருந்தார். திடீரெனக் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இது நான் சொன்னதில்லையே, தம்பி. எங்கள் மலையைக் கள்வர் மலையென்று நான் என் வாயால் சொல்வேனா?"

நிகழ்ந்தது இதுவே. எம் தோழருள் ஒருவர் அக்கதையின் கீழே, கள்வர் அரையன் என்பது கல்வராயன் என மருவிற்றுப் போலும் என்று தம் ஊகத்தைக் குறித்திருந்தார். சொல்லாராய்ச்சியில் ஆர்வமிக்க மாணவர் எவரும் ஒருகால் செய்யக்கூடிய பிழைதான். சான்றொன்றும் இல்லாத ஊகம். சிறிய எழுத்தில் நின்றவரையில் அது மாணவர் ஊகம். எழுத்தளவு மாறியதும் அது முதியவர் வாக்குமூலமாயிற்று. 'போலும்' என்னும் ஒரு சொல் அவரைக் காக்கவில்லை. யாம் எழுவரும் நாணித் தலைகுனிந்தோம். "ஐயா, அது எங்கள் எழுத்து, உங்கள் பேச்சோடு கலந்துவிட்டது" என்றோம். "கலந்தது எப்படி? பிரித்து எழுத வழியில்லையா?" என்றார் அவர். அவ்வினாவிற்கு விடையாகவே இக்கட்டுரையின் எஞ்சிய பகுதியை எழுதுகின்றோம். அச்சுக்கு ஒழுங்கு செய்தவர்மேற் குறையொன்றும் இல்லை. சாய்வு என்பது ஒருவர் வாய்ச்சொல்லின் அடையாளம் என்று அவர்க்கு எங்ஙனம் தெரியும்? தோற்றத்தை மட்டும் கொடுத்தோம். தோற்றத்தை மாற்றுதல் அவர் தொழில்.

பிரித்தெழுதும் வழியை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். ஏட்டுச்சுவடியில் எழுத்து முழுதும் ஒரே அளவு, தடிப்பில்லை, சாய்வில்லை, புள்ளியும் பெரும்பாலும் இல்லை, பத்தி பிரித்தலும் இல்லை. மூலமும் உரையும் ஒரே வரியில் தொடர்ந்து செல்லும். அந்நிலையிலும் தொல்காப்பிய உரையாளர் எவ்விடத்தில் நூற்பா முடிந்தது, எவ்விடத்தில் தம் பொருள் தொடங்கிற்று என்பதைச் சொல்லாற் குறித்தனர். நம் பாடநூல்களில் 'இ-ள்' என்று காண்கின்றோமே, அஃது இதன் பொருள் என்பதன் சுருக்கம். 'எ-று' என்றவாறு, 'வ-று' வரலாறு, அஃதாவது எடுத்துக்காட்டு, 'எ-டு' என்பதும் அதுவே. இவற்றுள் ஒன்றேனும் எழுத்தின் வடிவத்தைக் கூறுகின்றதா? இல்லை. பின்வருவது என்ன தொழில் செய்கின்றது என்பதையே கூறுகின்றன. தாளின் அளவு மாறலாம், அச்செழுத்து மாறலாம், ஏடு கணினியாகலாம். 'இ-ள்' என்பது நிற்குமளவும் அதன்பின் வருவது உரையே. உ. வே. சாமிநாதையர் 1887இற் சீவக சிந்தாமணியையும் 1889இற் பத்துப்பாட்டையும் நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேற்றியபொழுது அவர் உழைப்பிற் பெரும்பகுதி எது மூலம், எது உரை, எது மேற்கோள் எனப் பிரித்தறிதலிலேயே சென்றது. பிரித்தறிந்தபின் அச்சில் மூலத்தைப் பெரிய எழுத்திலும் உரையைச் சிறிய எழுத்திலும் அமைத்தல் எளிய செயல். அறிதல் முன், அணிதல் பின். சொற்செயலியின் பாணியும் இவ்வொழுங்கிலேயே இயங்குகின்றது.

வேதாகம அச்சின் வரலாற்றிலும் இதற்கோர் அரிய சான்று உண்டு. 1611இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்பில், எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் இல்லாமல் ஆங்கில நடை நிரம்புதற்பொருட்டு மொழிபெயர்த்தோர் சேர்த்த சொற்களை வேறு எழுத்தில் அச்சிட்டனர். அக்காலத்து அந்நூலின் உடலெழுத்துக் கரிய கோத்திக எழுத்து. ஆதலாற் சேர்த்த சொற்கள் சிறிய உரோம எழுத்தில் நின்றன. பின்னர் வந்த பதிப்புகளில் உடலெழுத்தே உரோம எழுத்தாயிற்று. சேர்த்த சொற்கள் சாய்ந்த எழுத்திற்கு மாறின. தோற்றம் முற்றிலும் மாறிற்று. 'இச்சொல் எம்முடையது, மூலத்தினதன்று' என்னும் குறிப்பு மாறவில்லை. இங்ஙனம் மாறாது காத்ததற்குக் காரணம், எச்சொற்கள் சேர்க்கப்பட்டவை என்பதை அச்சிடுவோர் அறிந்திருந்ததே. இக்காலத்து ஆங்கில வாசகர் சிலர் அச்சாய்வெழுத்தை அழுத்தக் குறியெனக் கருதி, அச்சொல்லையே ஓங்கி உச்சரிப்பதுண்டு. மூலத்தில் இல்லாத சொல்லுக்கு மூலத்தைவிட மிக்க மதிப்பு! தோற்றத்தை மட்டும் நம்புவதன் பயன் இதுவாகும்.

நிற்க. இனிச் செயன்முறைக்கு வருவோம். யாம் கையாண்டது லிப்ரே ஆபீஸ் ரைட்டர் என்னும் விலையில்லாச் சொற்செயலி. மைக்ரோசாப்ட் வேர்டிலும் கருத்து ஒன்றே. பாணி என்பது அண்மையிற் புனைந்ததும் அன்று. எழுத்தின் தோற்றத்தைக் குறியாது அதன் தொழிலைக் குறித்தல் என்னும் கருத்தை ஐ.பி.எம். நிறுவனத்தில் கோல்ட்பார்ப், மோஷர், லோரி என்னும் மூவர் 1969இல் ஒரு குறிமொழியாக வகுத்தனர். 1983இல் வந்த முதல் வேர்டிலேயே பாணித் தாள் இருந்தது. இணையப் பக்கங்கட்கும் இவ்வாறு பாணித் தாள் வேண்டுமென்று ஹோக்கன் வியூம் லீ என்பார் 1994இல் முன்மொழிந்தார். வழி இத்தனை ஆண்டாகத் திறந்தே கிடக்கின்றது; யாம்தான் நடவாதிருந்தோம்.

ரைட்டரில் எஃப் 11 என்னும் விசையை அழுத்தினாற் பாணிகளின் பட்டியல் வலப்பக்கத்தில் தோன்றும். அவற்றுட் பத்திப் பாணி, எழுத்துப் பாணி என்னும் இரண்டையும் முதலில் வேறுபிரித்து அறிதல் வேண்டும். பத்திப் பாணி ஒரு பத்தி முழுவதையும் ஆளும்: அதன் எழுத்துரு, அளவு, ஓரத்தினின்று தள்ளியிருக்கும் தொலைவு, வரிகளின் இடைவெளி, மேலும் கீழும் விடவேண்டிய வெற்றிடம் ஆகிய எல்லாம் அதன் ஆட்சிக்குட்பட்டவை. எழுத்துப் பாணியோ பத்திக்குள் நிற்கும் ஒரு சொல்லையோ தொடரையோ ஆளும். யாம் 'மலைப்பாடல்', 'மலையோர் கூற்று', 'எம் குறிப்பு' எனப் பத்திப் பாணி மூன்றும், 'வட்டாரச் சொல்', 'நூற்பெயர்' என எழுத்துப் பாணி இரண்டும் வகுத்தோம். பெயரிடுங்கால் ஒன்றைக் கருத்தில் வைத்தல் வேண்டும். 'சாய்வு 11', 'சிவப்புத் தடிப்பு' என்று பெயரிடுவாரும் உளர். நாளை அச்சிவப்பை நீலமாக்கினால், 'சிவப்புத் தடிப்பு' என்னும் பெயருடைய நீல எழுத்து நம்மைப் பார்த்து நகைக்கும். உரையாசிரியர் 'சிறிய எழுத்து' என்று எழுதவில்லை, 'இதன் பொருள்' என்றே எழுதினர்.

பெயரிட்டபின், பத்தியிற் சுட்டியை வைத்துப் பட்டியலில் அப்பெயரை இருமுறை சொடுக்கினாற் போதும். தோற்றம் பிடிக்கவில்லையாயின், பத்தியை மாற்றாது, பட்டியலில் அப்பெயர்மேல் வலப்பொத்தானை அழுத்திப் பாணியைத் திருத்தும் சாளரத்தைத் திறந்து அங்கே மாற்றுக. முப்பது பாடலாயினும் முந்நூறு பாடலாயினும் அந்நொடியே மாறும். ஒருவர் சாய்வு வேண்டா என்பாராயின், 'மலையோர் கூற்று' என்பதிற் சாய்வை நீக்கி, ஓரத்தினின்று சிறிது தள்ளி நிறுத்தலாம். யாம் அங்ஙனமே செய்தோம். தமிழெழுத்திற்குச் சாய்வு இயல்பன்று. பல எழுத்துருக்களில் உண்மையான சாய்வு வடிவம் இல்லாமையால் கணினி நேரெழுத்தையே இழுத்துச் சாய்க்கின்றது. சுழிகள் நெளிந்து காண்கின்றன. தடிப்பின் நிலையும் அதுவே. தடித்த வடிவம் தனியே வரையப்படாத எழுத்துருவிற் கணினி தானே மை பூசுகின்றது. ணகர றகரங்களின் உள்வெளி அடைபட்டுவிடும். ஆங்கிலத்தார் சாய்வினாற் செய்யும் வேலையைத் தமிழ்ப் பக்கத்தில் ஓரத்தள்ளலும் எழுத்தளவும் செய்தல் நன்றென்பது எம் கருத்து. தோழர் சிலர் இதனை ஒப்பவில்லை.

தமிழெழுதுவார் பெரிதும் இடர்ப்படும் இடம் ஒன்றுண்டு. அதனைச் சற்று விரித்துரைப்போம். ரைட்டரின் எழுத்துரு அமைப்பில் மேற்கத்திய எழுத்திற்கு ஓரிடமும், தமிழ் முதலாய கூட்டெழுத்து முறையினவற்றிற்கு வேறோரிடமும் உள. மேலதில் அளவை 14 என மாற்றிவிட்டு, தமிழ் எழுத்து அசையாது நிற்பதைக் கண்டு கணினியை நொந்துகொள்வார் பலர். தமிழுக்குரிய இடத்தில் எழுத்துருவும் அளவும் தடிப்பும் தனித்தனியே விதிக்கப்படல் வேண்டும். அவ்விடம் தோன்றவில்லையாயின், மொழிபற்றிய அமைப்புப் பக்கத்திற் கூட்டெழுத்து முறையை இயக்கிக்கொள்க. ஒவ்வொரு பத்தியிலும் கையால் இதனைச் செய்வது இயலுமோ? பாணியிற் செய்தால் ஒருமுறை போதும்.

பாணிகளிடையே தாய் சேய் முறையும் உண்டு. 'எம் குறிப்பு' என்பது 'உடற்பத்தி'யின் சேய் என்று விதித்தால், தாயின் எழுத்துருவைச் சேய் தானே பெறும். தனக்கென விதித்த அளவை மட்டும் தான் வைத்துக்கொள்ளும். நூல் முழுவதின் எழுத்துருவையும் மாற்றல் வேண்டுமாயின் தாயை மாற்றினாற் போதும். சேய் எல்லாம் உடன் மாறும், ஆயின் அவற்றின் தனித்தன்மை கெடாது. எம் முதற்படியில் யாம் இழந்தது இதனையே. எல்லாவற்றையும் ஒருங்கே தெரிந்தெடுத்து ஒரே அளவாக்கினால், கையாற் செய்த வேறுபாடு சுவடின்றி அழியும். பாணியிட்ட கோப்பில் யாரேனும் அவ்வாறே செய்தாலும், மேலே பூசிய அம்மாற்றத்தின் அடியிற் பத்தியின் பெயர் அழியாதிருக்கும். முழுவதையும் தெரிந்தெடுத்துக் கன்ட்ரோலுடன் எம் விசையை அழுத்தினால், பூச்சு உதிர்ந்து பாணியின் தோற்றம் மீளும். இதனை முதன்முதற் கண்டபொழுது எமக்கு உண்டான மகிழ்ச்சி சிறிதன்று. கெடுத்துக் கெடுத்து மீட்டுப் பார்த்தோம்.

தலைப்புக்களைப் பற்றிக் கூறாது விடலாகாது. தொல்காப்பியர் செய்யுளியலில் நூலின் உறுப்பைச் சூத்திரம், ஓத்து, படலம், பிண்டம் என நான்காகப் பகுத்துள்ளார். சூத்திரம் பல கூடி ஓத்து. ஓத்துப் பல கூடிப் படலம். படலமெல்லாம் அடங்கிய முழுநூல் பிண்டம். அவர் நூலும் அவ்வாறே மூன்று அதிகாரமும், அதிகாரத்திற்கு ஒன்பது இயலாக இருபத்தேழு இயலும் உடைத்து. சொற்செயலியில் ஹெடிங் 1, ஹெடிங் 2, ஹெடிங் 3 என்பன இத்தகைய படிகளேயாம். அதிகாரத்திற்கு ஹெடிங் 1, இயலுக்கு ஹெடிங் 2 என விதித்தெழுதினால், பொருளடக்கத்தைக் கணினி தானே ஆக்கித் தரும். பக்க எண் மாறினால் அதனைப் புதுப்பித்துக்கொள்ளவும் இயலும். தலைப்பைத் தடித்த பெரிய எழுத்தாற் கையிலே செய்தவர்க்கு அது தலைப்பாகத் தோன்றும். கணினிக்கு அது பருத்ததொரு பத்தி, அவ்வளவே. பார்வையற்ற மாணவர் திரைபடிக்கும் கருவிகொண்டு நூலைக் கேட்குங்கால், மெய்யான தலைப்புப் பாணியுள்ள இடத்தில்தான் தலைப்பினின்று தலைப்பிற்குத் தாவிச் செல்லவியலும். பருத்த எழுத்து அவர்க்கு என் செய்யும்? ரைட்டரிற் கன்ட்ரோலுடன் 1 அழுத்தினால் முதற்படித் தலைப்பு, 2 அழுத்தினால் இரண்டாம் படி, 0 அழுத்தினால் உடற்பத்தி. வேர்டிற் கன்ட்ரோலுடன் ஆல்ட் விசையையும் சேர்த்து எண்ணை அழுத்தல் வேண்டும்.

செய்யுள் எழுதுவார்க்கு இரண்டொரு நுட்பம். அடிதோறும் எண்டர் விசையை அழுத்தினால் ஒவ்வோரடியும் தனிப்பத்தியாகிவிடும். அடிகளிடையே வெற்றிடம் புகும். ஷிஃப்டுடன் எண்டரை அழுத்தினால் அடி மடங்கும், பாட்டு ஒரே பத்தியாக நிற்கும். பாட்டு இரண்டு பக்கத்தில் உடைபடாதிருத்தற்கும், தலைப்புப் பக்கத்தின் அடியில் தனித்து நில்லாமல் தன் பத்தியோடு செல்லுதற்கும் பாணியிலேயே விதி உண்டு. அவற்றை இட்டுவைத்தல் நன்று. இருபுறமும் வரியை ஒழுங்குபடுத்தும் அமைப்பைச் செய்யுளுக்கு ஒருநாளும் இடற்க. உரைநடையிலும் நம் நீண்ட சொற்கள் வரியிறுதியில் உடையாமையால் நடுவே அகன்ற வெளிகள் தோன்றும். இடைவெளிப் பொத்தானைப் பதின்முறை தட்டி ஓரம் தள்ளுவதைப்பற்றி யாம் எழுதவேண்டுவதில்லை. அதனைச் செய்யாதவர் நம் வகுப்பில் ஒருவருமில்லை.

எழுவருள் இருவர் பழைய எழுத்துருவில் தட்டியிருந்தமை எமக்கு வேறோர் இடையூறாயிற்று. ஒருங்குறியில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றது. தமிழ்நாட்டரசு 2010இல் ஒருங்குறியையும், அதனோடு தமிழ் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் தரமாக ஏற்றது. அதன் முன்னர் வழங்கிய எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தவை. அவற்றில் எழுதிய கோப்பின் எழுத்துருவை மாற்றினால் தமிழ் மறைந்து பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல் தோன்றும். இங்குத் தோற்றம் மட்டுமன்று, எழுத்தின் பொருளே எழுத்துருவைத் தொங்கி நிற்கின்றது. அதனை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் உள; ஆயின் யாம் கையாண்ட கருவி வெறும் எழுத்தை மட்டும் வாங்கி வெறும் எழுத்தையே தந்தது. தடிப்பும் சாய்வும் போயின. பாணி இட்டிருந்தால் அதுவும் போயிருக்கும்.

அவ்விடத்து உரையாசிரியர் நெறியே எமக்குக் கைகொடுத்தது. மாற்றுதற்கு முன்னரே ஒவ்வொரு பத்தியின் தலையிலும் 'ம-கூ' (மலையோர் கூற்று), 'ம-பா' (மலைப்பாடல்), 'எ-கு' (எம் குறிப்பு) என்று தட்டெழுதிவிட்டோம். இவை எழுத்தாதலின் மாற்றத்தில் அழியாது வந்தன. பின்னர் ரைட்டரிற் 'ம-கூ' என்பதைத் தேடும் கட்டத்திலிட்டு, எல்லாவற்றையும் ஒருங்கே கண்டு, பட்டியலில் 'மலையோர் கூற்று' என்பதை இருமுறை சொடுக்கினோம். அக்குறியுடைய பத்தியெல்லாம் அப்பாணியை ஏற்றன. இறுதியாகக் குறிகளை நீக்கினோம். இரண்டு பேர் மூன்று நாளிற் செய்து முடிக்க வேண்டியதென்று அஞ்சிய வேலை ஒரு பிற்பகலில் முடிந்தது. உண்மையில் நாட்சென்றது வேறிடத்தில். எப்பத்தி யாருடையது என்று கைப்பேசிப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தெளிதற்கே பத்து மாலைகள் ஆயின. நான்கு இடங்களில், முதியவர் கூற்றென யாம் எழுதியவை எம் வினாக்களேயென்று கண்டோம். அவர் 'ஆமாம்' என்றது மட்டுமே அவருடையது. அந்நான்கையும் 'எம் குறிப்பு' ஆக்கினோம். இதனைக் கணினி செய்யாது. பெயரிடும் கட்டத்திற்கு வந்த பின்னரே, பெயரிடுமுன் கேட்கவேண்டும் என்பது எமக்குத் தோன்றிற்று.

கள்வர் அரையன் என்னும் ஊகத்தை அதனை எழுதிய தோழரே நீக்கிவிட்டார். யாம் வற்புறுத்தவில்லை. வேறு சில குறிப்புகளை வைத்துக்கொண்டோம். ஆயின் அவை ஒவ்வொன்றும் ஓரத்தினின்று தள்ளி, சிறிய எழுத்தில், மேலே 'தொகுத்தோர் குறிப்பு' என்னும் சொல்லுடன் நிற்கின்றன. தோற்றம் மீண்டும் ஒருகால் அழியினும் அச்சொல் நிற்கும் என்பது கருதி, பாணியோடு சொல்லையும் வைத்தோம்.

இரண்டாம் படியை எடுத்துக்கொண்டு மலைக்குச் சென்றபொழுது மழை பெய்துகொண்டிருந்தது. பேர்த்தி முன்போலவே படித்தாள். குறிப்பு வந்த இடந்தோறும் தானே நிறுத்தி, "இது அவங்க எழுதினது, தாத்தா" என்று கூறிவிட்டுப் படித்தாள்; யாம் அவளுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுத்திலோம். முதியவர் இறுதிவரை கையை உயர்த்தவில்லை. முடிந்தபின் ஒன்று மட்டும் கேட்டார்: காஞ்சிக் கதையைத் தம் தமையனார் வேறு வகையாகச் சொல்வாராம், அவர் அடுத்த ஊரில் இருக்கின்றாராம், அதனையும் எழுதிக்கொள்ள இயலுமா என்று. பட்டியலில் 'மலையோர் கூற்று: வேற்றுப்பாடம்' என்னும் ஒரு பாணியை அன்றிரவே சேர்த்தோம்.